சியர் முனையில் கை வைக்கச் சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிஸ்டலின் விசைப் (ட்ரிக்கர்) பாகங்களை வீட்டிலேயே மெருகேற்றுவது குறித்துத் தாங்கள் சென்ற இதழில் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். "ஒரு மாலைப் பொழுதும் ஒரு சிறு சுழல் கருவியும் போதும், விசை வெண்ணெயாய் வழுக்கும்" என்ற வரியைப் படித்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. 23 ஆண்டுகளாகத் துப்பாக்கி பழுது பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருப்பவன் நான். அந்த ஒரு மாலைப் பொழுதின் விளைவுகள் பிறகு என் மேசைக்குத்தான் வந்து சேர்கின்றன.

மெருகேற்றுவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. விசையின் இழுப்பை உள்ளே கடத்தும் தண்டான ட்ரிக்கர் பாரின் பக்கவாட்டில் எந்திரம் விட்டுச் சென்ற கீறல்கள் பிஸ்டலின் உடற்சட்டத்தோடு உரசும்போதுதான் விரலுக்கு அந்தக் கரகரப்புத் தெரிகிறது. அந்த இடத்தை நுண்ணிய பாலிஷ் தடவிய துணியால் கையாலேயே தேய்த்தால் பலன் உண்டு, ஆபத்தும் குறைவு. ஆனால் குண்டை வெடிக்க வைக்கும் சுத்தியலான ஹேமரும், விசையை இழுக்கும் வரை அதைப் பிடித்து நிறுத்தும் சிறு பாகமான சியரும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் முகம் அப்படிப்பட்டதல்ல என்பது தாங்கள் அறியாததா? 1911 வகைப் பிஸ்டலில் சியர் மாட்டிக்கொள்ளும் ஹேமர் கொக்கியின் உயரமே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். பின்னுக்கு இழுபட்டு நிற்கும் ஹேமரின் முழு அழுத்தத்தையும் அந்த அரை மில்லிமீட்டர்தான் தாங்குகிறது. பல பாகங்களில் மேற்பரப்பு மட்டுமே மெல்லியதாகக் கடினமாக்கப்பட்டிருக்கும்; சுழல் கருவி அந்தத் தோலை உரித்துவிட்டால் அடியிலுள்ள மென்மையான எஃகு சில நூறு குண்டுகளிலேயே தேய்ந்துபோகும். கட்டுரையாளர் எல்லாப் பாகங்களையும் ஒரே தட்டில் வைத்து, "பளபளக்கும் வரை தேயுங்கள்" என்று எழுதியிருக்கிறார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் போட்டியாளர், ஒரு முறை விசையை இழுத்தால் இரண்டு குண்டுகள் போகின்றன என்று தன் பிஸ்டலை எடுத்து வந்தார். முதல் குண்டு இலக்கில் பட்டிருக்கிறது. அவர் எதிர்பாராத இரண்டாவது குண்டு இலக்குக்கு மேலே மண்மேட்டில் பாய்ந்திருக்கிறது. சியரைக் கழற்றி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். கத்தி முனைபோல் நேராக நிற்க வேண்டிய விளிம்பு, ஆற்றில் உருண்ட கூழாங்கல்லாய் மழுங்கியிருந்தது. கண்ணாடியாய்ப் பளபளத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இதைத் தானே செய்ததாகச் சொல்லவே அந்தப் பிள்ளைக்கு நா எழவில்லை.

விசை வழுக்குவதும் விசையின் எடை, அதாவது அதை இழுக்கத் தேவைப்படும் பலம், குறைவதும் வேறு வேறு என்பதைக்கூடக் கட்டுரை பிரித்துச் சொல்லவில்லை. எடையைப் பெரும்பாலும் ஸ்பிரிங்குகளும் பற்றுமுகத்தின் கோணமுமே தீர்மானிக்கின்றன. சர்வதேசப் போட்டி விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம். குழலைச் செங்குத்தாகப் பிடித்து, விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். ஹேமர் விழுந்துவிட்டால் அந்த வீரரின் பல மாத உழைப்பு அந்தச் சோதனை மேசையிலேயே முடிந்துபோகலாம். தங்கள் வாசகர்களில் போட்டியாளர்கள் எத்தனை பேர் என்பதைத் தாங்கள்தான் என்னைவிட நன்கு அறிவீர்கள்.

இது முதல் முறையாக இருந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்கும் யோசனையைத் தாங்கள் முன்பொரு முறை வெளியிட்டபோது, அதை மறுத்து இரண்டு பக்கம் எழுதினேன். இதழைப் பாராட்டிய முதல் வரி மட்டும் அச்சில் வந்தது, மறுப்பு வரவில்லை. இம்முறை கட்டுரையோடு வந்துள்ள படத்தில் 'சியர்' என்று எழுதிப் போட்டிருக்கும் அம்புக்குறி, விசைக்கும் சியருக்கும் உள்ள தொடர்பைத் துண்டிக்கும் வேறொரு பாகமான டிஸ்கனெக்டரைக் காட்டுகிறது. புதிதாகக் கழற்றிப் பார்ப்பவர் எதைத் தேய்ப்பார்? குண்டுகளை அகற்றி, குழலில் குண்டு நிற்கும் அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதித்த பிறகே பிரிக்க வேண்டும் என்ற ஒரு வாக்கியத்துக்குக்கூட நான்கு பக்கக் கட்டுரையில் இடமில்லாமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. 14 ஆண்டுகளாகச் சந்தா செலுத்தி, இதழ்களைக் கட்டி வைத்துப் பாதுகாக்கிறவன் என்ற உரிமையில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், "சியர், ஹேமர் பற்றுமுகங்களை வீட்டில் தேய்க்க வேண்டாம், பயிற்சி பெற்ற துப்பாக்கித் தொழிலாளரிடம் கொடுங்கள்" என்று ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அந்த இளைஞர் விட்டுச் சென்ற சியர் என் இழுப்பறையில் இருக்கிறது. படம் எடுக்க வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன்; அம்புக்குறியை மட்டும் தயவுசெய்து சரியான இடத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்