அந்த ‘வா… வா… வாவ்’ ஒலியை ஊதுகிறவன் எழுதுகிறேன்

தமிழ்த் திரையிசை அமைப்பாளர்களுக்கும், அவர்களுடைய இசைக் கோப்பாளர்களுக்கும், கணினியில் இசை சேர்க்கும் புரோகிராமர்களுக்கும் வணக்கம்.

தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் ஒருவர் சொன்ன துணுக்கு எடுபடாமல் போகிறது. நடுவர் முகத்தைச் சுளிக்கிறார். உடனே ஓர் ஒலி: வா… வா… வா… வாஆஆவ். ஈரப் படிக்கட்டில் வழுக்கி உட்கார்ந்ததைப் போல இறங்கும் அந்த ஒலி தெரியாத வீடு தமிழ்நாட்டில் இருக்காது. அது டிராம்போன். நான் அதை வாசிப்பவன் என்று தெரிந்ததும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். ஊதிக் காட்டுவேன், சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சென்ற வாரம் மட்டும் சிரித்து முடித்து வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஆறவில்லை. இந்த மடல் அதனால்தான்.

தெற்கே ஒரு சிற்றூரின் கிறிஸ்தவ சபைப் பேண்டில் பதினொரு வயதில் சேர்ந்தேன். டிரம்பெட்டை மூத்த பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். கிளாரினெட், பேண்டு மாஸ்டரின் மருமகனுக்குப் போனது. சுவரில் மாட்டிக் கிடந்த டிராம்போன் மிஞ்சியது. ஆட்களில் நான் மிஞ்சினேன். குழாயைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய ஒன்பது அடி. டிரம்பெட்டைப் போல அமுக்குவதற்கு மூன்று கட்டைகள் கிடையாது. ஸ்லைடு என்கிற வெளிக்குழாயை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். அதில் ஏழு இடங்கள் என்பார்கள், ஆனால் ஓர் இடத்திலும் கோடு போட்டிருக்காது. காதுதான் கோடு. ஏழாம் இடம் என் கைக்கு எட்டவே இல்லை. இரண்டு வருடம், அந்தச் சுரம் வரும்போதெல்லாம் ஊதுவதைப் போலக் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றேன். மாஸ்டருக்கு அது முதல் நாளே தெரியும் என்பது அவருடைய அடக்க ஆராதனைக்கு ஊதிவிட்டுத் திரும்பும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கோடில்லாத அந்தக் குழாயைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன். பேண்டில் நிற்கும் பித்தளை வாத்தியங்களிலே, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடையில் உள்ள அத்தனை சுருதியையும் தொட்டுக்கொண்டே இழைந்து போக இதற்குத்தான் இயல்பாக முடியும். நம் ஊரில் அதற்கு ஜாரு என்று பெயரே இருக்கிறது. ஏழாம் இடத்தில் ஷட்ஜத்தை வைத்துக்கொண்டால் பிரதி மத்தியமம் வரை ஒரே மூச்சில், ஒரே இழைவில் ஏறிவிடலாம். அடுத்த சுரமான பஞ்சமத்துக்குப் போக உதட்டின் இறுக்கத்தை மாற்றியாக வேண்டும். அங்கே இழை அறும். பிரதி மத்தியமம் வரும் கல்யாணி ராகத்தைப் பாடுகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். பஞ்சமத்தின் வாசல்வரை வந்துவிட்டு நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்ளும் இந்த வாத்தியத்தின் மேல் எனக்கோ தனிப் பாசம்.

வயலின், அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலேயே நம்முடையதாகிவிட்டது. கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜன் கச்சேரி மேடையில் உட்கார வைத்தார். கத்ரி கோபால்நாத் மைசூர் அரண்மனைப் பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி அதைக் கமகம் (சுரத்தை அசைத்து இழைப்பது) பேச வைத்தார். மாண்டலினை யு. சீனிவாஸ் கொண்டுவந்தார். சாக்ஸபோனில் விசைகள், மாண்டலினில் கழுத்தின் குறுக்கே பதித்த மெட்டுகள். அவற்றை மீறிக் கமகம் எழுப்ப அந்தக் கலைஞர்கள் பட்ட பாடு பெரிது. விசையும் மெட்டும் இல்லாமலே பிறந்த டிராம்போன், கல்யாண ஊர்வலத்தில் பின் வரிசையில் ‘பொம் பொம்’ என்று தாளத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. கச்சேரி மேடை வேண்டுமென்று நான் கேட்கவில்லை. துரித காலத்தில் இது திணறும், அது எனக்குத் தெரியும். நான் கேட்பது உங்கள் பாட்டில் ஓர் இடம்.

இருபது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்திருந்தார்கள். காலை ஒன்பது மணிக்குப் போய், ஸ்லைடுக்கு எண்ணெய் போட்டு, உதட்டைச் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மதியச் சாப்பாடு வந்தது, நன்றாகவே இருந்தது. மூன்று மணிக்கு ஓர் இளைஞர் வந்து, “சார், கீபோர்டிலேயே எடுத்துவிட்டோம், தப்பாக நினைக்காதீர்கள்” என்றார். பேசிய பணத்தைக் கையில் கொடுத்தார்; அதில் குறையில்லை. பாட்டு வெளிவந்தபோது கேட்டேன். பித்தளை ஒலி இருந்தது, மூச்சு இல்லை. பதினாறு மாத்திரைக்கு ஒரே சீராக நிற்கும் சுரத்தைக் கேட்டதுமே, இந்த ஆள் எப்போது மூச்சு வாங்குவார் என்று எனக்கு நெஞ்சு அடைத்தது.

மூச்சு என்றதும் டாமி டார்ஸி நினைவுக்கு வருகிறார். 1930களிலும் 40களிலும் அமெரிக்காவின் பெரிய நடன இசைக்குழுக்களில் இரண்டை நடத்தியவர்கள் டிராம்போன்காரர்கள்: ஒருவர் கிளென் மில்லர், இன்னொருவர் டார்ஸி. 1940-இல் டார்ஸியின் குழுவில் பாட வந்த ஒல்லி இளைஞர் பிராங்க் சினாட்ரா. வரியை உடைக்காமல் நீட்டிப் பாடும் வித்தையை, மேடையில் டார்ஸி வாயோரத்தில் திருட்டுத்தனமாகக் காற்றை இழுப்பதைப் பார்த்தே பழகிக்கொண்டதாகச் சினாட்ரா பலமுறை சொல்லியிருக்கிறார். பாடகருக்குப் பாடம் சொன்ன வாத்தியம் இது.

ஜமைக்காவின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கிங்ஸ்டனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆல்ஃபா பள்ளி ஏழைப் பையன்களுக்கானது. அங்கே பேண்டும் இருந்தது. டான் டிரம்மண்ட் அங்கே டிராம்போன் கற்றார். 1964-இல் உருவான ஸ்காட்டலைட்ஸ் குழுவில் ஸ்கா என்ற ஜமைக்க நடன இசைக்கு அந்தத் துயரம் தோய்ந்த குரலைத் தந்தவர் அவர். அதே பள்ளியில் படித்த ரிகோ ரோட்ரிகஸ் 1961-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ‘எ மெசேஜ் டு யூ ரூடி’ என்ற பாட்டை 1967-இல் டாண்டி லிவிங்ஸ்டன் பாடியபோது டிராம்போன் வாசித்தவர் ரிகோ. பன்னிரண்டு ஆண்டு கழித்து ‘தி ஸ்பெஷல்ஸ்’ என்ற குழுவின் இளைஞர்கள் அதே பாட்டை மறுபடி எடுத்தபோது, அந்த இடத்தில் வாசிக்க அதே ரிகோவைத் தேடிப்பிடித்து அழைத்தார்கள். அதற்குள் கீபோர்டுகள் கடைக்கு வந்துவிட்டன. இருந்தும் ஆளைத் தேடிப் போனார்கள். அந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து ஒருமுறை கேளுங்கள். பாட்டு தொடங்குவதற்கு முன்பே டிராம்போன்தான் உங்கள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போகும்.

நியூயார்க்கில் 1961-இல் எடி பால்மியேரி தொடங்கிய ‘லா பெர்ஃபெக்டா’ குழுவில், கியூபா பாணிக் குழுக்களில் புல்லாங்குழலோடு வயலின் இருந்த இடத்தில் டிராம்போன்கள் வந்தன. பாரி ராஜர்ஸ் அங்கே ஊதியதில் அந்நகரின் பிராங்க்ஸ் பகுதித் தெருக்களின் முரட்டுத்தனம் இருந்தது. டிரம்பெட் பழகிக்கொண்டிருந்த வில்லி கோலோன் டிராம்போனுக்கு மாறி, பதின்வயதிலேயே, 1967-இல், தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். சல்சா என்றால் இன்றைக்கும் நம் காதில் கேட்பது அந்தக் கரகரப்புதான். அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனுக்குப் பின்னால் நின்ற பிரெட் வெஸ்லி, நியூ ஆர்லியன்ஸின் டிரோம்போன் ஷார்ட்டி என்று இன்னும் பலர் உண்டு. ஷார்ட்டி தன்னைவிட நீளமான வாத்தியத்தோடு சின்ன வயதிலேயே தெரு ஊர்வலத்தில் நடந்தவர். எனக்குக் கை எட்டாத கதையை நினைத்து அவர்மேல் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

இந்த ஊர்களில் எல்லாம் யாரோ ஒருவர் டிராம்போனை நம்பி ஒரு மெட்டைக் கொடுத்தார். அப்புறம்தான் அது பிடித்துப்போனது. 1980களில் சின்தசைசர் வந்து பித்தளைக் குழுக்களை உலகம் முழுக்கவே வீட்டுக்கு அனுப்பியது உண்மை. கடைசியில் எஞ்சியது கேலி ஒலி. 2022-இல் ‘டிரோம்போன் சாம்ப்’ என்ற கணினி விளையாட்டு பிரபலமானதே, அதன் வேடிக்கை முழுவதும் சுருதி தப்புவதில்தான் இருக்கிறது. விளையாடிப் பார்த்தேன், என் சொந்த வாத்தியத்தில் தோற்றுப்போனேன். ஆனால் 1791-இல் மொசார்ட் தன் ரெக்வியம் என்ற இறந்தோருக்கான வழிபாட்டு இசையில், இறந்தோரை எழுப்பும் கடைசி எக்காளம் தொனிக்கும் இடத்தைத் தனி டிராம்போனுக்குத்தான் கொடுத்தார். நியாயத்தீர்ப்பு நாளில் தொனித்ததை, துணுக்கு எடுபடாத நடிகருக்காக ஊதிக்கொண்டிருக்கிறோம்.

“வாசிக்க ஆள் எங்கே?” என்று கேட்பீர்கள். ஆள் குறைவுதான். அழைப்பு வராததால் ஆள் குறைந்தது, ஆள் குறைந்ததால் அழைப்பு வரவில்லை. இந்தச் செக்கை யாராவது ஒரு பக்கம் நிறுத்த வேண்டும். இரட்சணிய சேனைப் பேண்டுகளிலும், போலீஸ் பேண்டுகளிலும், ஊர்ப் பேண்டு செட்டுகளிலும் விசாரித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை குருத்தோலைப் பவனிக்கு ஊதிவிட்டுத் திங்கட்கிழமை கடைச் சாவியோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். சிலருக்குக் குறிப்பு வாசிக்கத் தெரியும், சிலருக்குப் பாடிக் காட்டினால் போதும்.

கூட்டத்தோடு சேர்த்து எழுதாதீர்கள். கதாநாயகன் மேடையேறும்போது முழங்க வேண்டாம், அதற்கு உங்கள் கீபோர்டே போதும். ஒரு தாலாட்டிலோ, ஊரைவிட்டுப் போகிறவனைப் பற்றிய பாட்டிலோ, சரணத்துக்கு முந்தைய நாற்பது விநாடியை ஒற்றை டிராம்போனுக்குக் கொடுத்துப் பாருங்கள். மெதுவான மெட்டாக இருக்கட்டும். நடுவில் ஆள் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டால் வெட்டி எடுக்காதீர்கள்.

அழைத்தால் வருகிறேன், என்னைவிட நன்றாக வாசிக்கிற மூன்று பேரையும் கூட்டி வருகிறேன். காலடியில் ஒரு பழைய துண்டு விரித்து வையுங்கள், குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும். மைக்கை இரண்டடி தள்ளி ஒரு பக்கமாக நிறுத்துங்கள். இப்போது எனக்கு ஏழாம் இடம் எட்டும்.

அன்புடன்,
ஒரு சபைப் பேண்டு டிராம்போன்காரன்