வெளியே வரும் வழியை முதலில் சொல்லிக்கொடுங்கள்: கொழும்பில் கணினி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுப்பவர்கள், பின்னேரங்களில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ரியூசன் வகுப்பு வைப்பவர்கள், சனி ஞாயிறில் டிப்ளோமா வகுப்பில் நிற்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் ஆசிரியர் இல்லை. கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு சிறிய அலுவலகத்தில் சேர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உங்களிடம் படித்த பிள்ளைகள் பயிற்சிக்கு எங்களிடம் வருகிறார்கள். கெட்டிக்காரர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் லினக்ஸ் கணினிக்குள்ளேயே கிடக்கும் கையேட்டை இன்ஃபோ என்ற வாசிப்பானில் திறந்து வாசிக்க ஒருவருக்கும் தெரிவதில்லை. அதற்கு உங்களிடம் ஒரு பாடவேளை கேட்கத்தான் இந்த மடல். 40 நிமிடம், அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் சேர்வர் ஒன்றில் இடம் முடிந்துவிட்டது. எந்தக் கோப்புறை இவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கும்படி பயிற்சிக்கு வந்த தம்பியிடம் சொன்னேன். டியூ கட்டளையால் அளவுகளை எடுத்து, சோர்ட் கட்டளையால் வரிசைப்படுத்தினால் முடிந்தது. சேர்வர் பக்கத்து அறையில்தான் இருக்கிறது. பத்து நிமிட வேலை. அந்த நேரம் பார்த்து அலுவலகத்தில் இணையம் நின்றுவிட்டது.

தம்பி கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார். "அண்ணா, நெட் இல்லை. இனி ஒண்டும் செய்ய ஏலாது."

திரையைப் போய்ப் பார்த்தேன். சிறிதிலிருந்து பெரிதாக வரவேண்டிய பட்டியலில் 2 ஜி (கிகாபைட்) முதலில் நின்றது, அதற்குக் கீழே 10 எம் (மெகாபைட்), அடியில் 900 கே (கிலோபைட்). எண்ணை மட்டும் பார்த்து ஒழுங்குபடுத்தியிருக்கிறது: 2, 10, 900. கணினியைக் கேட்டால் அது சரிதான். பிழை என்று தம்பிக்கும் தெரிகிறது, எப்படித் திருத்துவது என்றுதான் தெரியவில்லை. "மேன் பக்கத்தைப் பார்த்தீரா?" என்றேன். ஒரு கட்டளைக்கான சுருக்கக் குறிப்புத்தான் மேன் பக்கம். பார்த்திருக்கிறார். 'எச்' என்ற தெரிவைப் போட்டால் மனிதர் வாசிக்கிற மாதிரி எழுதிய அளவுகளை ஒப்பிடும் என்று அங்கே ஒரு வரி இருக்கிறது. எப்படி ஒப்பிடும் என்று இல்லை. 1023 எம், 1 ஜி இரண்டும் வந்தால் எது முன்னால்? அதைச் சொல்ல அந்த ஒரு வரிக்கு இடம் போதாது. ஆனால் அந்தப் பக்கத்தின் அடியிலேயே, முழு விளக்கம் இதே கணினியில் இன்ஃபோ என்ற வாசிப்பானில் இருக்கிறது என்று குறிப்பும், அதைத் திறக்கும் கட்டளையும் உண்டு. அதைக் காட்டினேன்.

"அதுக்குள்ள ஒருக்கா போனனான் அண்ணா. வெளிய வர ஏலாமப் போச்சு. ஜன்னலையே மூடிப்போட்டன்."

நான் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால் சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை. விம் என்ற உரைத் தொகுப்பிக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் தவிப்பவர்களைப் பற்றி ஆயிரம் பகிடி இருக்கிறது. இன்ஃபோவைப் பற்றி ஒன்றுகூடக் காணோம், ஏனென்றால் அதற்குள் யாரும் போவதேயில்லை.

வெறுமனே இன்ஃபோ என்று அடித்தால் கணினியில் உள்ள கையேடுகளின் பட்டியல் வரும். தம்பி கோர்யூட்டில்ஸ் என்ற அடிப்படைக் கட்டளைகளின் கையேட்டுக்குள் போனார். சோர்ட் அதில்தான் இருக்கிறது. மேலே ஒரு தலைப்பு வரி, கீழே மெனு. நம் பிள்ளைகள் அங்கே செய்யும் முதல் காரியம் ஸ்பேஸ் விசையைத் தட்டுவது. பக்கம் கீழே ஓடும். அடிக்கு வந்த பிறகும் தட்டினால் நிற்காது. மெனுவின் முதல் உருப்படிக்குள் இறங்கி, அடுத்த கணுவை, அதாவது கையேட்டின் அடுத்த பகுதியை, திறந்துவிடும். இன்னும் தட்டினால் இன்னும் ஆழம். பிள்ளைக்கோ தான் ஒரே பக்கத்தில் கீழே போய்க்கொண்டிருப்பதாக நினைப்பு. ஏழெட்டுத் தட்டில் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. தம்பி தொலைந்ததும் இப்படித்தான்.

கணு என்று நானாகச் சொல்லவில்லை, கணினிக்காரர் பாவிக்கும் சொல்தான். கரும்பிலும் மூங்கிலிலும் கிளைக்கிற இடம். ஒவ்வொரு கணுவின் தலைப்பு வரியிலும் மூன்று விஷயம் எழுதியிருக்கும்: அடுத்தது எது, முந்தியது எது, மேலே எது. விசைகளும் அதன்படிதான், 'என்', 'பி', 'யூ'. ('என் விசை' என்று எழுதினால் என்னுடைய விசை மாதிரி இருக்கிறது, மன்னிக்கவும்.) மெனுவுக்குள் இறங்க 'எம்'. வந்த வழியே திரும்ப 'எல்'. இதில் 'பி', 'யூ', 'எல்' மூன்றும் பின்னுக்குப் போகிற மாதிரித் தெரிவதால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். தம்பிக்கு நான் புறக்கோட்டையை வைத்துத்தான் விளங்கப்படுத்தினேன்.

பிரதான வீதியில் நிற்கிறோம். முதலாம் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு, மூன்றாம் குறுக்குத் தெரு என்று வரிசையாகக் கிளை பிரிகிறது. அதுதான் மெனு. 'எம்' அழுத்தி இரண்டாம் குறுக்குத் தெரு என்று சொன்னால் உள்ளே போய்ச் சிவப்புப் பள்ளிவாசல் பக்கம் நிற்போம். அங்கிருந்து 'என்' அழுத்தினால் மூன்றாம் குறுக்குத் தெரு, 'பி' அழுத்தினால் முதலாம் குறுக்குத் தெரு. 'யூ' அழுத்தினால் மறுபடி பிரதான வீதி. சரி, இப்போது வேறு மாதிரி வருவோம். செட்டியார் தெருவில் நகைக்கடையில் நிற்கும்போது ஒருவர், "இது இங்கே இல்லை, இரண்டாம் குறுக்குத் தெருவில் பாருங்கோ" என்கிறார். நேரே அங்கே போகிறோம். கையேட்டில் இது குறுக்குக் குறிப்பு, விசை 'எஃப்'. இப்போது 'எல்' அழுத்தினால் செட்டியார் தெருவுக்கே திரும்புவோம், அங்கிருந்துதானே வந்தோம். ஆனால் 'யூ' அழுத்தினால் பிரதான வீதிதான். எப்படி வந்தாலும் அந்தத் தெருவின் மேல் வீதி அதுதான்.

இதைச் சொல்லி முடிக்கத் தம்பி, "அப்ப பிரவுசரில இருக்கிறது 'எல்' மட்டும்தான் அண்ணா" என்றார். எனக்கே அதுவரை தோன்றாத விஷயம். கூகிளில் தேடிக் கிடைத்த பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குப் பின்னுக்குப் போகத் தெரியும், மேலே போகத் தெரியாது. அந்தப் பக்கம் எந்த அத்தியாயத்தின் எந்த மூலை என்று கேட்டால் விழிக்கும்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. 'எம்' அழுத்தி, வரிசைப்படுத்திய கோப்புகளைப் பற்றிய அத்தியாயத்தின் ஆங்கிலப் பெயரில் முதல் நாலு எழுத்தை அடித்து டேப் விசையைத் தட்டினார். பெயர் பாதி வரைக்கும் தானாக நிரம்பி நின்றுவிட்டது. "வேலை செய்யுதில்லை" என்றார். அந்தக் கையேட்டில் அதேபோலத் தொடங்கும் அத்தியாயம் இன்னும் இரண்டு உண்டு: ஒன்று புலங்களைப் பற்றி, மற்றது எழுத்துகளை மாற்றுவது பற்றி. எது வேண்டும் என்று கணினி காத்துக்கொண்டு நிற்கிறது. இன்னும் ஓர் எழுத்து அடித்து டேப் தட்டினால் போதும். உள்ளே போய் சோர்ட் கணுவைத் திறந்தோம். 'எச்' தெரிவு முதலில் கூட்டலா கழித்தலா என்று பார்க்கும், அடுத்ததாக கே, எம், ஜி என்ற குறியைப் பார்க்கும், கடைசியாகத்தான் எண்ணைப் பார்க்கும் என்று எழுதியிருந்தது. ஆகவே 1023 எம் முன்னால், 1 ஜி பின்னால். அந்த வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தம்பி கட்டளையைத் திருத்தினார். பழைய பதிவுக் கோப்புகள் கிடந்த கோப்புறை பட்டியலின் அடியில் வந்து நின்றது. இணையம் அதற்குப் பிறகும் வரவில்லை.

நான் ஏதோ பிறக்கும்போதே கையேட்டோடு பிறந்தவன் மாதிரிக் கதைக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டினார்கள், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வெள்ளவத்தை வீட்டில் மடிக்கணினியில் பற்றரி இருந்தது, ரவுட்டர் செத்துக் கிடந்தது. செய்ய ஒன்றுமில்லாமல், நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் நிரலின் கையேட்டைத் திறந்தேன். அதுவரை நானும் தம்பி மாதிரித்தான்.

இந்த வாசிப்பான் நேற்று வந்ததில்லை. 1980களின் நடுவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் உருவாக்கிய டெக்ஸின்ஃபோ என்ற முறையில் எழுதினால், ஒரே மூலத்திலிருந்து அச்சுப் புத்தகமும் வரும், திரையில் வாசிக்கும் கையேடும் வரும். ஈமாக்ஸ் என்ற உரைத் தொகுப்பி இல்லாமல் தனியே ஓடும் இன்ஃபோவை எழுதியவர் பிரையன் ஃபாக்ஸ். டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலைக்கான முன்மொழிவை எழுதியது 1989இல். வலை வருவதற்கு முன்பே, இணைப்பைப் பிடித்து ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது இங்கே நடந்துகொண்டிருந்தது.

இதைப் பாவிக்கக் கற்றுத்தரும் பாடமும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஈமாக்ஸில் இன்ஃபோவைத் திறந்து 'எச்' அழுத்தினால் தொடங்கும். நல்ல பாடம். இந்த விசையைத் தட்டு என்று சொல்லும், தட்டினால் என்ன நடந்தது என்று அடுத்த திரையில் சொல்லும். ஓர் இடத்தில் மெனுவில் மூன்று உருப்படிகள் இருக்கும், மூன்றும் ஒரே கணுவுக்குத்தான் போகும். தம்பி மூன்றையும் தட்டிவிட்டு, "பிழையா அண்ணா?" என்றார். பிழையில்லை. மெனுவில் தெரியும் பெயரும் கணுவின் பெயரும் வேறாக இருக்கலாம் என்று காட்டத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாடத்தில் எனக்கு ஒரேயொரு குறை. வெளியே வருவது எப்படி என்பதைக் கடைசிக் கணுவில் வைத்திருக்கிறார்கள். பயந்த பிள்ளைக்கு அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்: 'கியூ'.

எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே, தமிழ் மொழிமூலப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தலைப்பு வரியில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் நாலைந்துதான். அவற்றின் தமிழை ஓர் அரைப் பக்கத்தில் எழுதி ஆய்வுகூடச் சுவரில் ஒட்டிவிடலாம். உள்ளடக்கத்தின் ஆங்கிலம் கடினம்தான். ஆனால் மெனுவைப் பிடித்துப் போகிற பிள்ளை தனக்கு வேண்டிய ஒரு கணுவை மட்டும்தான் வாசிக்கவேண்டும். பணிசெயல் முறைமை பற்றி நீங்கள் கொடுக்கும் ஆங்கில டியூட்டை விட அது நீளமில்லை. அப்புறம் ஒரு சின்ன விஷயம், சிரிக்கவேண்டாம்: தமிழ் விசைப்பலகையைப் போட்டுவிட்டு இன்ஃபோவுக்குள் போனால் எழுத்து விசை ஒன்றும் வேலை செய்யாது. 'என்' இருக்கும் இடத்தில் தமிழ் எழுத்தொன்று போகும், வாசிப்பானுக்கு அது விளங்காது. நான் இதில் ஒரு காலைப்பொழுதைத் தொலைத்திருக்கிறேன்.

ஏஐயிடம் கேட்டால் சொல்லுமே என்று பிள்ளைகள் சொல்வார்கள். சொல்லும். நானும் கேட்கிறேன். ஆனால் எங்கள் பழைய சேர்வரில் இருக்கும் பதிப்பில் இல்லாத தெரிவை அது சொல்லி, நாங்கள் அரை நாள் முழித்த கதை உண்டு. கணினிக்குள் கிடக்கும் கையேடு அந்தக் கணினியில் உள்ள மென்பொருளோடு சேர்ந்து வந்தது.

கேட்கும் 40 நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது என்று உங்களுக்குச் சொல்லித்தர நான் யார். இருந்தாலும் தம்பியோடு உட்கார்ந்ததில் கண்டதைச் சொல்கிறேன். முதல் நிமிடம் 'கியூ'. ஐந்து தரம் உள்ளே போய் வெளியே வரட்டும். அதற்குப் பிறகு புறக்கோட்டையோ வேறு உவமையோ, உங்கள் இஷ்டம். 'எம்', 'யூ', 'எல்' மூன்றும் கைக்குப் பழகினால் மற்றவை தானாக வரும். சொல்லடைவில் தேடும் 'ஐ' விசையைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்னாலேயே காட்டினால் ஒருவரும் மெனுவைத் தொடமாட்டார்கள். ஒரு கட்டளைக்கு இன்ஃபோ கையேடு இல்லாவிட்டால் அதன் மேன் பக்கத்தையே அதற்குள் காட்டிவிடும். இரண்டும் ஒன்றுதானே என்று யாராவது கேட்டால் காரணம் அதுதான். கையேடுகள் நிறுவியிருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ஈமாக்ஸ் கையேடுகள் உரிமப் பிரச்சினையால் தனிப் பொதியில் இருக்கின்றன. தயவுசெய்து இதைப் பரீட்சைக் கேள்வியாக்கி, 'யூ' விசையின் பயன் யாது என்று மனப்பாடம் பண்ண வைத்துவிடாதீர்கள்.

முக்கியமாக, அந்தப் பாடவேளையில் ஆய்வுகூடத்து இணையத்தை நிறுத்திவிடுங்கள். உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமைகளில் நான் வரத் தயார், கொட்டாஞ்சேனை என்றாலும் பஸ் எடுத்து வருவேன். கேபிளை மட்டும் நீங்களே கழற்றிவிடுங்கள். நான் கழற்றினால் பிள்ளைகள் என்னைத்தான் ஏசுவார்கள்.

இப்படிக்கு,
கொள்ளுப்பிட்டியில் சேர்வர் பார்க்கும் ஒருவன்