ஐந்து டிகிரி சாய்த்தபோது

அன்புள்ள நண்பா,

ஏழு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதானால் இதைப் படித்து முடித்தபின் திட்டு. வீட்டில் எல்லோரும் நலம். நெட்டையன் ஒருவழியாக ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டான், பந்தயத்தில் தோற்றது நீதான். வாத்தியார் உன்னை விசாரித்தார், வழக்கம்போல அந்தக் குடையையும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய் இரவு, மேகத்துக்கு லேசரை அனுப்பித் திரும்பும் ஒளியை அளக்கும் என் லைடார் கருவியின் திரையில், மைனஸ் 15 டிகிரி குளிர் இருக்கும் உயரத்தில், மெல்லிய பட்டை ஒன்று பளிச்சென்று தெரிந்தது. திரும்பி வந்த ஒளியின் முனைவாக்கம், அதாவது ஒளியலை அதிரும் திசை, கொஞ்சம்கூடக் கலையவில்லை. உருண்டையான நீர்த்துளி என்றால்தான் அப்படி இருக்கும், கோணல்மாணலான பனிப்படிகம் முனைவாக்கத்தைக் கலைத்துவிடும். அதனால் 'உறையாத நீர்' என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் பக்கத்தில் நின்றாள். "கருவியைக் கொஞ்சம் சாய்த்துப் பார்க்கலாமா சார்?" என்றாள். ஐந்து டிகிரி சாய்த்தோம். ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பளிச்சிடல் போய்விட்டது! நேராக்கினால் வருகிறது, சாய்த்தால் போகிறது. நாலு முறை செய்து பார்த்தோம்.

அது நீரே இல்லையடா. தட்டையான அறுகோணப் பனித்தகடுகள். கீழே விழும்போது காற்றின் தடையால் கிடைமட்டமாகப் படுத்துக்கொண்டு, லேசரைக் கண்ணாடி மாதிரி நேராகத் திருப்பி அனுப்பியிருக்கின்றன. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் முனைவாக்கம் கலையாதே! காலிப்சோ செயற்கைக்கோளுக்கும் இதே தொல்லை இருந்தது. 2006இல் ஏவியபோது அதன் லைடார் நேர் கீழிலிருந்து 0.3 டிகிரிதான் விலகியிருந்தது. 2007 நவம்பரில் அதை 3 டிகிரிக்கு மாற்றினார்கள். 2024இல் போன எர்த்கேர் செயற்கைக்கோளின் லைடாரையும் 3 டிகிரி சாய்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? எத்தனை வகுப்பில் சொல்லியிருக்கிறேன்! என் கருவிக்கு முன்னால் நிற்கும்போது நினைவுக்கு வரவில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாம் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதிலும் இதே மாதிரி ஒரு பட்டை, இதே மாதிரி குளிர், நீர் என்று முடிவு கட்டியிருக்கிறோம். மறுநாள் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பட்டையில் ரேடார் எதிரொலி, வெறும் சிறு நீர்த்துளிகளுக்கு இருக்கக்கூடாத அளவுக்கு, நன்றாகவே இருக்கிறது. மேலிருந்து விழும் நாலைந்து பெரிய படிகங்கள் என்று தள்ளிவிட்டோம், ஞாபகம் இருக்கிறதா? அப்படித் தள்ளவும் இடம் இருந்தது. எதிரொலி துகளின் விட்டத்தின் ஆறாம் அடுக்காக ஏறுவதால், பத்து மடங்கு பெரிய துகள் ஒன்றே பத்து லட்சம் சிறு துகள்களுக்குச் சமம். திட உருண்டைகள் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பத்து லட்சத்தின் எடை பெரிய ஒன்றைப் போல ஆயிரம் மடங்கு. அப்படியிருக்க, எதிரொலியை மட்டும் வைத்து மேகத்தில் எவ்வளவு பனி என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் லைடாரை நம்பினோம், அது இன்னொரு பக்கம் கையை விட்டுவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பட்டைக்கு மேலே இருந்த கீற்றுமேகமும் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. அடர்ந்த நீர்ப்படலமாக இருந்தால் லேசரை அங்கேயே விழுங்கியிருக்கும். இது நம் கண்ணில் படவே இல்லையே!

விமானத்தில் போய் நேரில் அளந்தால் தீர்ந்துவிடும் என்பாய். பனிப்படிகம் கருவியின் முனையில் மோதி உடைந்து, ஒன்றுக்குப் பல சிறு துகள்களாக எண்ணப்படும் கதையை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். எர்த்கேர் ரேடார் துகள்கள் எவ்வளவு வேகமாக விழுகின்றன என்பதையும் அளக்கிறது, எனக்கு அதில்தான் நம்பிக்கை. அப்புறம் பேசலாம்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த ஆண்டு கருவியைப் பொருத்தியது நீ. செங்குத்தாக வைத்தாயா, சாய்த்தாயா? உன் பச்சை அட்டை நோட்டில் இருக்கும். சாய்த்திருந்தால் கட்டுரை பிழைத்தது. செங்குத்து என்றால் இந்த மாதமே திருத்தம் எழுதி அனுப்பிவிடுவோம், உன் பெயருக்கு முன்னால் என் பெயரைப் போட்டு. தேடிப் பார்த்து உடனே எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
பழைய அறைத்தோழன்