வெளிநாட்டுத் திராட்சைக் குச்சிகளும் பியர்ஸ் நோயும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் புது ரகத் திராட்சைக் குச்சிகள் இரண்டைப் பெட்டிக்குள் வைத்து எடுத்து வரச் சொல்லலாமா என்று எண்ணும் விவசாயிகள், அதற்கு முன் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்ததை அறிந்துகொள்ள வேண்டும்.

அங்கு அனாஹைம் பகுதியில் 1880களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமலே பட்டுப்போயின. அதை ஆராய்ந்து 1892இல் அறிக்கை அளித்த நியூட்டன் பியர்ஸின் பெயரால் அந்நோய் இன்றும் அழைக்கப்படுகிறது. ஆனால் நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்பது 1970களில்தான் உறுதியாயிற்று. சைலெல்லா ஃபாஸ்டிடியோசா எனப்படும் அது, கொடிக்குள் வேரிலிருந்து நீரை ஏற்றும் குழாய்களில் பெருகி அவற்றை அடைத்துவிடுகிறது. அதனால் மண்ணில் ஈரம் இருந்தும் இலை ஓரங்கள் கருகுகின்றன, காய்கள் சுருங்குகின்றன, இலை உதிர்ந்த பிறகும் அதன் காம்பு மட்டும் கொடியிலேயே நிற்கிறது. தண்ணீர்ப் பற்றாக்குறை என்று எண்ணி மேலும் நீர் பாய்ச்சுவதால் பயன் எதுவும் இல்லை. நோய் முற்றிய கொடியைக் குணப்படுத்தும் மருந்தும் இன்றுவரை இல்லை.

கொடிச்சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிகளே இதைச் செடிக்குச் செடி பரப்புகின்றன. அவற்றுள் கண்ணாடிச் சிறகுத் தத்துப்பூச்சி அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்கு உரியது. இலையின் தோலுக்கடியில் அது முட்டையிடுவதால், நாற்றங்கால் செடிகளோடு கண்ணில் படாமல் கலிபோர்னியாவுக்குள் வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் கருத்து. 1990களின் இறுதியில் டெமெக்குலா பள்ளத்தாக்கில் நோய் வேகமாகப் பரவியது இந்தப் பூச்சியால்தான். அரளி உள்ளிட்ட பல செடிகளிலும் சைலெல்லா வாழும். அவற்றுள் பல எந்த அறிகுறியும் காட்டுவதில்லை என்பதே எனக்குப் பெரிதும் கவலை தருகிறது. செழிப்பாகத் தோன்றுகிறது என்பதற்காக ஒரு குச்சியை நோயற்றது என்று நம்பிவிட முடியாது.

டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், காட்டுத் திராட்சையுடன் பல தலைமுறைகள் கலப்பு செய்து, எதிர்ப்புத் திறன் கொண்ட ஐந்து ரகங்களை 2019இல் வெளியிட்டது. அவையும் மது தயாரிப்புக்கானவை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு அவற்றால் பாதுகாப்பு கிடைக்காது.

வெளிநாட்டுச் செடிகளைக் கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணை கூறுகிறது. தோட்டக்கலைத் துறை இதைத் தேனி மாவட்டத்தின் ஒவ்வொரு திராட்சைக் கிராமத்திலும் எளிய தமிழில் துண்டறிக்கையாக வழங்க வேண்டும். புது ரகம் விரும்புவோர் எந்த அலுவலகத்தில், எப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்ற விவரமும் அதிலேயே இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு திராட்சை விவசாயி,
தேனி மாவட்டம்.