மாவட்ட சராசரியைக் கொண்டு எங்கள் மழையை அளக்க வேண்டாம்

இராமநாதபுரம் மாவட்ட நிர்வாகத்துக்கும், தமிழ்நாடு அரசின் வருவாய், வேளாண்மை, நீர்வளத் துறைகளில் பொறுப்பு வகிப்போருக்கும்,

வணக்கம்.

முதுகுளத்தூர், கமுதி, கடலாடி வட்டாரங்களில் மானாவாரி நிலத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். எங்கள் பகுதியில் மழை பெய்ததா, பொய்த்ததா என்பதை மாவட்டத்தின் மொத்த மில்லிமீட்டரைப் பார்த்து முடிவு செய்யாமல், எந்தக் குறுவட்டத்தில் (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பிர்காவில்) எந்த வாரம் பெய்தது, அடுத்த மழைக்கு எத்தனை நாள் காத்திருக்க நேர்ந்தது என்பவற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதே இதன் கோரிக்கை.

இம்மாவட்டத்தின் ஆண்டு சராசரி மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டிவிட்டு எங்களிடம் வெறுங்காற்றாக வந்து சேர்வதால், ஆனியிலும் ஆடியிலும் கண்மாய் உள்வாயில் புழுதிதான் பறக்கிறது. ஆண்டு மழையில் ஏறத்தாழ 60 விழுக்காடு வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கிடைக்கிறது. அந்த மூன்று மாதங்களிலும் மழை நாள்தோறும் பெய்வதில்லை. வங்கக் கடலில் தாழ்வு நிலை உருவானால் பெய்கிறது, அது ஆந்திரக் கரைக்குத் திரும்பிவிட்டால் வானம் வெளுத்துவிடுகிறது.

இந்த நிச்சயமின்மைக்கு ஏற்பத்தான் புழுதி விதைப்பு எங்கள் வழக்கமாயிற்று. கோடை மழையில் உழுது போட்ட நிலத்தில் ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் காய்ந்த மண்ணிலேயே நெல்லை விதைத்துவிட்டு, ஐப்பசி மழையை எதிர்பார்த்திருக்கிறோம். விதைத்தபின் மழையே இல்லையென்றால் விதை மண்ணுக்குள் சில வாரங்கள் தாங்கும். எறும்புக்கும் பறவைக்கும் போனது போக மிஞ்சியது பிழைக்கும். பெரிய ஆபத்து அரைகுறை மழையில் இருக்கிறது. மண்ணின் மேல் இரண்டு விரல்கடை அளவுக்கு நனைக்கும் ஒரு தூறல் போதும், விதை முளைவிட்டுவிடும். அதன்பின் இரண்டு, மூன்று வாரம் வெயில் காய்ந்தால், ஊசிபோல் எழும்பிய பயிர் நுனியிலிருந்து சுருண்டு, பழுத்து, கையால் தடவினாலே உதிர்ந்துவிடும். கரிசல் வெடித்து, வெடிப்புக்குள் வேர் அறுந்து தொங்குவதை வரப்பில் நின்றே பார்க்கலாம். விதைநெல், உழவு கூலி, களைக்கூலி அத்தனையும் அத்தோடு போயிற்று. மறுவிதைப்புக்கு வட்டிக்கு வாங்கத்தான் வேண்டும். கார்த்திகையில் ஒரு புயல் சின்னம் வந்து அந்தப் பற்றாக்குறையை நான்கே நாளில் ஈடுகட்டிவிட்டால், பருவ இறுதிப் பட்டியலில் எங்கள் மாவட்டத்துக்கு நேராக 'இயல்பான மழை' என்று பதிவாகிறது. மில்லிமீட்டர் கணக்கில் அது பொய்யில்லை. ஆனால் அந்த மழை வந்தபோது நனைவதற்குப் பயிர் இருக்கவில்லை.

2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தீவில் பெய்த அந்த மழை தெருக்களை மூழ்கடித்துவிட்டுக் கடலுக்குப் போனது. கமுதிக் கரிசலுக்கு அதில் ஒரு சொட்டும் வராது; ஆனாலும் மழைமானிகளின் அளவுகளைக் கூட்டி வகுக்கும்போது அது எங்கள் கணக்கையும் உயர்த்திவிடுகிறது. கடல் சூழ்ந்த ஒரு தீவையும், உள்நாட்டு வானம் பார்த்த பூமியையும் ஒரே சராசரியில் அடைப்பது நிர்வாக வசதிக்கு உதவலாம். வறட்சியைக் கண்டறிய உதவாது.

2016 போன்ற ஆண்டுகளைப் பற்றி நான் முறையிடவில்லை. அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுவதுமே 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் அனைத்து மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. எல்லோருக்கும் பொய்த்தால் எல்லோர் கண்ணிலும் படுகிறது. கணக்கில் மழை இருந்து வயலில் விளைச்சல் இல்லாத ஆண்டுகள்தான் எவர் கண்ணிலும் படாமல் கழிகின்றன. 2021 சனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழையில், அறுவடைக்கு நின்ற நெற்கதிர்கள் சாய்ந்து வயலிலேயே முளைத்ததும், முண்டு மிளகாய்ச் செடிகள் நீர் தேங்கி அழுகியதும் இதன் மறுபக்கம்.

பயிர்க் காப்பீட்டில் நெல்லுக்கு வருவாய்க் கிராமமே அலகு. மகசூல் சோதனை அறுவடையும் கிராமத்தில்தான் நடக்கிறது. விளைச்சலைக் கிராமம் கிராமமாக அளக்க முடிகிற அரசு, அந்த விளைச்சலைத் தீர்மானிக்கும் மழையை மட்டும் மாவட்ட அளவில் பேசுவது ஏன் என்று கேட்கிறோம். இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். முந்தைய ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியிலிருந்து உத்தரவாத மகசூல், அதாவது விளைச்சல் எந்த அளவுக்குக் கீழே போனால் இழப்பீடு உண்டோ அந்த அளவு, கணக்கிடப்படுகிறது. அடுத்தடுத்து மூன்று, நான்கு ஆண்டுகள் பொய்த்த கிராமத்தில் அந்தச் சராசரியே தாழ்ந்துவிடுவதால், இழப்பீடு அதிகம் தேவைப்படும் ஊருக்கே அது குறைவாகக் கிடைக்கிறது. மானாவாரிப் பகுதிகளுக்கு இந்தக் கணக்கீட்டைத் திருத்துமாறு ஒன்றிய அரசிடம் மாநில அரசு வலியுறுத்த வேண்டும்.

மழையின் இடைவெளியைத் தாங்குவதற்கென்று முன்னோர் வெட்டிய கண்மாய்களைச் சொல்லாமல் இம்மடலை முடிக்க இயலாது. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பெயர்பெற்ற இராசசிங்கமங்கலம் பெரிய கண்மாய் இம்மாவட்டத்தில்தான் இருக்கிறது. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர் என்பது இந்தச் சங்கிலியின் ஏற்பாடு. நடுவே ஒரு வரத்துக்காலைச் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டாலும், யாரோ மேடாக்கிவிட்டாலும், அதற்குக் கீழுள்ள ஊர்கள் எல்லாம் நல்ல மழையிலும் வறண்டு கிடக்கின்றன. குடிமராமத்துப் பணிகளில் கரையைப் பலப்படுத்தியதும் மடையைப் புதுப்பித்ததும் பயன் தந்தன. ஆனால் கரை உயர்ந்து நிற்கும் கண்மாய்க்குள் நீர் வந்து சேரும் வழி தூர்ந்தே கிடந்தால் அந்தச் செலவு வீண். பணியை வரத்துக்காலிலிருந்து தொடங்குங்கள், ஆடிக்குள் முடியுங்கள். ஐப்பசியில் இயந்திரம் கொண்டுவந்தால் சேற்றில்தான் நிற்கும்.

மாநிலம் முழுவதும் 1,400 தானியங்கி மழைமானிகளை நிறுவும் பணியை அரசு மேற்கொண்டது எங்களுக்கு நம்பிக்கை அளிக்கிறது. அக்கருவிகளின் அன்றாட அளவு கிராம நிர்வாக அலுவலகப் பலகையில் தமிழில் எழுதப்பட வேண்டும். விதைப்புக்குப் பின் மூன்று வாரம் தொடர்ந்து மழையில்லாத குறுவட்டங்களில், பருவம் முடியும்வரை காத்திராமல் வேளாண்மை, வருவாய் அலுவலர்கள் கூட்டாக வயலை வந்து பார்க்க வேண்டும். முளைத்துக் கருகிய பயிருக்கு மறுவிதைப்பு விதையாவது அப்போதே வழங்கப்பட வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய அணையோ பெருந்திட்டமோ தேவையில்லை. காவிரி – வைகை – குண்டாறு இணைப்பு வரட்டும், வரவேற்போம். அதுவரை ஆண்டுக்கு ஒருமுறை விதைத்தே ஆக வேண்டியவர்கள் நாங்கள்.

புழுதி விதைப்பு தொடங்குமுன் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், கடந்த பருவத்தின் மழையளவைக் குறுவட்டம் வாரியாகவும் வாரம் வாரியாகவும் பட்டியலிட்டு எங்கள் முன் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விளைச்சல் கணக்கை நாங்கள் எடுத்து வருகிறோம்; இரண்டையும் அருகருகே வைத்துப் பேசுவோம்.

இப்படிக்கு,
முதுகுளத்தூர் வட்டத்து மானாவாரி விவசாயி ஒருவர்