மொனகனிலிருந்து செல்விக்கு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தொடர்ந்து ராத்திரி ஷிஃப்ட், வீட்டுக்கு வந்தால் தூக்கம், அதனால்தான் தாமதம், கோபிக்காதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. கண்ணைக் கசக்க மட்டும் விடாதே, பழைய பழக்கம், தூக்கத்தில் கை தானாகப் போகும்.

சரி, நீ கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தாயே, உன் பிளஸ் டூ வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டதாக: "எழுநூறு வருஷம் வெள்ளைக்காரனோடு மல்லுக்கட்டி வாங்கின சுதந்திரத்தை ஐம்பதே வருஷத்தில் பிரஸ்ஸல்ஸில், ஐரோப்பிய ஒன்றியத்திடம் கொண்டுபோய் அடகு வைத்துவிட்டார்களே, அயர்லாந்துக்காரர்களுக்கு வருத்தமாக இருக்காதா?" நீ பதில் சொல்ல முடியாமல் பாடத்தை மாற்றிவிட்டதாக எழுதியிருந்தாய். இருபது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், வயதானவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டி அவர்கள் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன், அந்தப் பிள்ளைக்கும் சொல்.

ஏட்டி, அடகு வைக்கவில்லை. அடகில் இருந்ததை மீட்டார்கள். 1922-இல் சுதந்திர அரசு வந்துவிட்டது, கொடி வந்துவிட்டது, ஆனால் நகை இவர்கள் கழுத்தில், அடகு ரசீது லண்டனில் என்ற நிலைதான் ரொம்ப நாள் இருந்தது.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் தொண்ணூறு தாண்டிய ஒரு விவசாயி இருந்தார். அவர் அப்பா காலத்துக் கதை ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். ஜமீன்களிடமிருந்து நிலம் வாங்க பிரிட்டிஷ் அரசு ஒரு காலத்தில் இங்கே உள்ள விவசாயிகளுக்குக் கடன் கொடுத்திருந்தது. 1932-இல் ஆட்சிக்கு வந்த டி வலேரா, அந்தத் தவணைப் பணத்தை லண்டனுக்கு இனி அனுப்ப முடியாது என்று நிறுத்திவிட்டார். லண்டன் உடனே அயர்லாந்து மாடுகளுக்கு 20 சதவீதம் வரி போட்டது. மாட்டை வேறு யாரிடம் விற்பது? வாங்குகிறவன் ஒருவன்தான். விலை அடியோடு விழுந்தது. கன்றுக்குட்டிகளை வளர்ப்பது நஷ்டம் என்று ஆகி, அரசே தோலுக்குக் காசு கொடுத்துக் கன்றுகளைக் கொல்லச் சொன்னது. அவர் அப்பா கொட்டிலுக்குப் பின்னால் குழி வெட்டியதைச் சொல்லும்போது, கிழவருக்குக் கை நடுங்கும். நானும் மாடு வளர்த்த வீட்டுப் பெண், என்னால் அதைச் சாதாரணமாகக் கேட்க முடியாது. அந்தச் சண்டை 1938-இல்தான் தீர்ந்தது, 1 கோடி பவுண்டு மொத்தமாகக் கொடுத்த பிறகு.

அதற்கப்புறமும் பெரிதாக மாறவில்லை. ஐரிஷ் பவுண்டு 1979 வரை பிரிட்டனின் பவுண்டான ஸ்டெர்லிங்கோடு ஒன்றுக்கு ஒன்று கட்டிப்போடப்பட்டிருந்தது, லண்டனில் வட்டி ஏறினால் இங்கேயும் ஏறும், அதைக் கேட்க இவர்களுக்கு அங்கே ஒரு நாற்காலிகூடக் கிடையாது. 1950-களில் மட்டும் 4 லட்சம் பேர் பிழைப்புத் தேடி வெளியேறினார்கள், பெரும்பாலும் இங்கிலாந்துக்கு. 1961-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில், அதாவது இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியில், சேர பிரிட்டனோடு சேர்ந்து இவர்களும் விண்ணப்பம் போட்டார்கள். 1963-இல் பிரான்சின் அதிபர் டி கோல் பிரிட்டனை வேண்டாம் என்று சொன்னதும் அயர்லாந்தின் விண்ணப்பமும் அப்படியே நின்றுபோனது. தனியாகப் போக வழியில்லை, அப்போது ஏற்றுமதியில் நான்கில் மூன்று பங்கு பிரிட்டனுக்குத்தான். அரசுரிமை இருந்தது, அதை வைத்து எதுவும் செய்ய முடியவில்லை. இதைத்தான் அந்தப் பிள்ளை யோசித்துப் பார்க்க வேண்டும்.

1972 மே மாதம் மக்களிடம் வாக்கெடுத்தார்கள், 83 சதவீதம் பேர் சேரலாம் என்றார்கள். 1973 ஜனவரி முதல் நாள் உறுப்பு நாடு. இன்று பிரிட்டனுக்குப் போகும் சரக்கு ஏற்றுமதி பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான்.

இன்னொருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டப்ளினில் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்தவள், அருமையான கையெழுத்து, இப்போதும் பிறந்தநாள் வாழ்த்துகளை அவளைத்தான் எழுதச் சொல்வோம். 1966-இல் கல்யாணம், கல்யாணம் ஆனதால் வேலையும் போயிற்று. சட்டமே அப்படித்தான் இருந்தது, அரசு வேலையில் இருக்கும் பெண் கல்யாணம் செய்தால் விலகிவிட வேண்டும். சுதந்திர நாட்டின் சொந்தச் சட்டம் அது, செல்வி. 1973-இல்தான் எடுத்தார்கள். அதற்கு ஐரோப்பா மட்டும்தான் காரணம் என்று சொன்னால் இங்கே தெருவில் இறங்கிப் போராடிய பெண்களுக்கு அநியாயம் செய்ததாகும். ஆனால் சம ஊதியம் வந்த கதையைக் கேள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று 1975-இல் ஐரோப்பியச் சமூகம் உத்தரவு போட்டது. பணமில்லை, கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று டப்ளின் அரசு கேட்டது. முடியாது என்று பதில் வந்தது. ஐரோப்பிய ஆணையத்தில் அந்தத் துறைக்கு அப்போது ஆணையராக இருந்தவர் பேட்ரிக் ஹில்லரி, அயர்லாந்துக்காரர், பின்னால் இந்த நாட்டுக்கே ஜனாதிபதி ஆனவர். எனக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றும். நாடு சுதந்திரம் அடைந்தது என்றால் அதில் யார் யார் அடைந்தார்கள் என்று கேட்க வேண்டும் இல்லையா? அவளுக்கு அந்தச் சம்பளம் கிடைக்கவில்லை, வேலையை விட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அவள் மகளுக்குக் கிடைத்தது.

எல்லாம் நல்லது என்று எழுத எனக்கு மனம் வராது. 2010 உனக்கு ஞாபகம் இருக்கும், நான் போனில் அழுதது. நாங்கள் 2007-இல், விலை உச்சத்தில் இருந்தபோது வீடு வாங்கினோம். மூன்று வருஷத்தில் வீட்டின் மதிப்பு கடனைவிடக் கீழே போய்விட்டது, என் சம்பளத்தையும் குறைத்தார்கள், தெருவில் நான்கு வீடு பூட்டிக் கிடந்தது, பையன்கள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, ஐ.எம்.எஃப் மூன்றும் சேர்ந்து டப்ளினில் வந்து உட்கார்ந்தன. 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டம், அதில் 1,750 கோடி அயர்லாந்தின் சொந்தச் சேமிப்பு. குறைந்தபட்சக் கூலியில் மணிக்கு ஒரு யூரோவை வெட்டினார்கள், எங்கள் இல்லத்தில் தரை துடைக்கும் பெண்ணிடமிருந்து. ஆனால் வங்கிகளின் கடன்பத்திரம் வாங்கிய பெரிய முதலீட்டாளர்களுக்கு நஷ்டம் வரக்கூடாது என்று ஐரோப்பிய மத்திய வங்கி பிடிவாதமாக நின்றது. அது அநியாயம், இன்றைக்கும் சொல்வேன். நாணயத்தைப் பகிர்ந்துகொண்டால் நெருக்கடி நேரத்தில் கை எவ்வளவு கட்டப்படும் என்பதை அப்போதுதான் பார்த்தோம். அதே சமயம் 2008 செப்டம்பரில் ஒரே ராத்திரியில் ஆறு ஐரிஷ் வங்கிகளுக்கும் அரசு ஜாமீன் என்று அறிவித்தது பிரஸ்ஸல்ஸ் இல்லை, டப்ளின். கட்டிடக் காண்டிராக்டர்களுக்கு அள்ளிக் கொடுத்ததும் இங்கே உள்ள வங்கிகள்தான். கூலியில் வெட்டியதை மறு வருஷமே புது அரசு பேசித் திருப்பி வாங்கிவிட்டது.

மீனவர்களுக்கும் குறை உண்டு. தங்கள் கடலில் மற்ற நாட்டுப் படகுகள் அதிகம் அள்ளுகின்றன என்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது. நார்வே 1972-இல் சேர மறுத்ததற்கு மீனும் ஒரு காரணம்.

வாக்கெடுப்பை இரண்டு தடவை நடத்தினார்களே என்று நீயே கேட்டிருந்தாய். உண்மைதான், ஐரோப்பிய ஒன்றியத்தின் நீஸ் ஒப்பந்தத்தை 2001-இலும் லிஸ்பன் ஒப்பந்தத்தை 2008-இலும் மக்கள் வேண்டாம் என்றார்கள், மறு வருஷம் மறுபடி கேட்டு வாங்கினார்கள். எனக்கும் அது உறுத்தியது. ஆனால் லிஸ்பனில் முதல் தடவை வேண்டாம் என்றதால்தான் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ஆணையர் என்பது தப்பித்தது, அதைக் குறைக்கும் திட்டத்தைக் கைவிட்டார்கள். சின்ன நாட்டுக்கு அது லேசான விஷயமில்லை.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். மொனகன், பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்தின் எல்லையில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். பக்கத்தில் குளோன்ஸிலிருந்து கேவன் போகும் சாலை பத்து கிலோமீட்டருக்குள் நான்கு முறை எல்லையைத் தாண்டும். எப்படித் தெரியும் என்றால், சாலை ஓரத்துக் கோடு மஞ்சளாக இருந்தது வெள்ளையாகும், வேகப் பலகையில் கிலோமீட்டர் போய் மைல் வரும், அவ்வளவுதான். ஒரு சாவடி கிடையாது. எழுபதுகளில், வட அயர்லாந்துக் கலவரக் காலத்தில், இந்தப் பக்கத்துச் சின்னச் சாலைகளை பிரிட்டிஷ் ராணுவம் குண்டு வைத்துப் பெயர்த்துப் போட்டிருந்தது, பக்கத்து வயலுக்குப் போக ஊரைச் சுற்றினார்கள். 1993-இல் உறுப்பு நாடுகளுக்கிடையே சரக்கு தடையில்லாமல் போகும் ஒற்றைச் சந்தை வந்ததும் சுங்கச் சாவடிகள் போயின, 1998 சமாதான ஒப்பந்தத்துக்கு அப்புறம் ராணுவச் சோதனையும் போனது. 2016-இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறப் போகிறேன் என்றதும் இல்லத்துக் கிழவர்கள் முகத்தில் பார்த்த பயத்தை நான் மறக்கவில்லை. மறுபடி சாவடி வருமா என்று என்னிடம் கேட்டார்கள், மாத்திரை கொடுக்க வந்தவளிடம்.

வரவில்லை, செல்வி. பேச்சுவார்த்தையில் முதலில் முடிக்க வேண்டியவை என்று ஐரோப்பா மூன்றை வைத்தது, அதில் ஒன்று அயர்லாந்து எல்லை. மற்ற 26 நாடுகளும் கூட நின்றன. 1932-இல் லண்டன் ஒரு கையெழுத்தில் இவர்கள் மாட்டுச் சந்தையை முடக்கியது. இந்தத் தடவை அதே லண்டன் இந்த ஐம்பது லட்சம் பேர் உள்ள நாட்டின் கவலையைக் கேட்காமல் நகர முடியவில்லை. சுதந்திரம் என்று நான் இதைத்தான் சொல்வேன், வகுப்பில் உன் புத்தகம் எப்படிச் சொல்கிறதோ தெரியவில்லை.

அப்புறம், 2022-லிருந்து ஐரிஷ் மொழிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் முழு ஆட்சிமொழித் தகுதி கிடைத்துவிட்டது. எல்லாச் சட்டமும் அந்த மொழியில் வருகிறது. தினமும் அதைப் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், இருந்தும். நம் வீட்டில் மொழிக்காக எவ்வளவு பேசியிருக்கிறோம், உனக்கு இது பிடிக்கும் என்று நினைத்தேன்.

எனக்கே ஒன்று இருக்கிறது, உன்னிடம் முன்பு சொல்லவில்லை. 2012-இல் குடியுரிமை வாங்கியபோது இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது, அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதுவரை எல்லைக்கு அந்தப் பக்கம் அரை மணி நேரத் தூரத்தில் இருந்த ஆர்மா ஊருக்குக்கூட விசா இல்லாமல் நான் சட்டப்படி போக முடியாது, சாவடி இல்லாவிட்டாலும். இப்போது என் மகள் நிலா செப்டம்பரில் நெதர்லாந்தில் குரோனிங்கனில் படிக்கப் போகிறாள். விசா வேண்டாம், டச்சுப் பிள்ளைகள் கட்டும் அதே கட்டணம்தான் அவளுக்கும்.

அவளுக்குச் சமையல் தெரியாது, அதுதான் இப்போது என் கவலை. உன் அம்மா செய்யும் பருப்புப் பொடிக்குப் பூண்டு எவ்வளவு, பொட்டுக்கடலை எவ்வளவு, மிளகாயை எண்ணெயில் வறுப்பதா வெறுமனே வறுப்பதா, கேட்டு எழுது. கண் சரியாகிற வரை அம்மா அடுப்புப் பக்கம் போகக் கூடாது, வாயால் சொன்னால் போதும்.

உன்,
ராணி