அடுத்த மாத வாசிப்பு: ராஜாஜி

வணக்கம் நண்பர்களே,

அடுத்த மாதம் ராஜ்மோகன் காந்தி ஆங்கிலத்தில் எழுதிய ராஜாஜி வாழ்க்கை வரலாற்றை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். 2001-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. நம்ம ஊர்த் தொடர்பும் உண்டு: ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில்தான், பி.ஏ. படித்தது இங்கே பெங்களூரு சென்ட்ரல் காலேஜில்.

எழுதியவர் ராஜாஜியின் மகள் வழிப் பேரன். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

நேரம் குறைவாக இருப்பவர்கள் 1942-ஐ மட்டுமாவது படித்துவிட்டு வாருங்கள். நாடே 'வெள்ளையனே வெளியேறு' என்று கிளம்பிய நேரத்தில், முஸ்லிம் லீகுடன் பேசித் தீர்க்காமல் சுதந்திரம் நிலைக்காது என்று சொல்லி, காங்கிரஸை விட்டே வெளியே வந்தார். வேதாரண்யத்தில் உப்பு அள்ளிச் சிறை சென்ற மனிதரைத் துரோகி என்றார்கள். தன் கட்சிக்காரர்களே கைவிடுவார்கள் என்று தெரிந்தும் ஒரு தலைவர் பேசலாமா, காத்திருக்க வேண்டுமா? கூட்டத்தில் இதைத்தான் அதிகம் பேச ஆசை.

1937-ல் கட்டாய இந்தி, 1953-ல் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் குலத்தொழில். இரண்டையும் என்னால் ஏற்க முடியாது. இரண்டாவது அவர் முதல்வர் பதவியையே காவு வாங்கியது. 1954-ல் காமராஜர் வந்தார். அதே ராஜாஜி 1967-ல் தி.மு.க.வுடன் கூட்டணி வைத்ததையும் சேர்த்துப் பார்த்தால் மண்டை காயும்!

புத்தகம் கனமானது, இப்போதே தொடங்குங்கள். பிரதி வைத்திருப்பவர்கள் இங்கேயே சொல்லுங்கள், மாற்றிப் படிக்கலாம். கூட்டம் வழக்கம்போல ஞாயிறு காலை, கப்பன் பார்க்கில். மழை வந்தால் கூகுள் மீட்.